படகின் பின்னால் பூட்டும் பழைய அவுட்போட் மோட்டாரில், இஞ்சின் அதைத் தாங்கும் கால் பகுதியை விட்டுக் கழரவில்லையா?

போல்ட் எல்லாம் கழற்றியாச்சு, இஞ்சின் மட்டும் அசையவில்லை என்கிறீர்கள். முல்லைத்தீவுக் கரையில் கொக்கிளாய், நாயாறு பக்கம் உப்புத் தண்ணீரில் ஓடிய பழைய யமஹாவில் இது புதினமில்லை. முதலில் டோர்ச் அடித்து, கீழிருந்து மேலே ஏறும் போல்ட் ஒன்று கிரீசுக்குள் மறைந்திருக்கிறதா என்று பாருங்கள், முக்கால்வாசி நேரம் அதுதான்.

அதுவும் இல்லையென்றால் பிடித்திருப்பது கேஸ்கட் (இஞ்சினுக்கும் காலுக்கும் நடுவில் ஒழுக்கை அடைக்கும் தகடு), அல்லது டிரைவ் சாஃப்டின் (சுழற்சியைக் கீழே கியருக்குக் கொண்டுபோகும் தண்டு) மேல்முனைப் பல்லு கிராங்கோடு (இஞ்சினின் சுழலும் தண்டு) துருவேறி ஒட்டியிருக்கிறது. இரண்டாவதுதான் தலையிடி. மேலே இழுத்து மல்லுக்கட்டாமல், கியர் மாற்றும் கம்பியைக் கழற்றிவிட்டு கீழ்க் கியர் பெட்டியின் போல்ட்டுகளை எடுங்கள், சில இஞ்சினில் சாஃப்ட் இஞ்சினோடு சேர்ந்தே மேலே வரும், ஆனால் சாஃப்ட் கியர் பெட்டிக்குள் நட்டால் பூட்டியிருந்தால் அந்த நட்டைக் கழற்றாமல் வராது, வெளியே வந்த பிறகு மேசையில் வைத்து எண்ணெய் விட்டு ஆறுதலாகப் பிரிக்கலாம்.

கேஸ்கட் என்றால் துருவிளக்கி எண்ணெயை ஓரம் முழுக்க விட்டு ஒரு இரவு விடுங்கள். அப்புறம் செயின் புளொக்கில் (பாரம் தூக்கும் சங்கிலிக் கப்பி) கொஞ்சமாக இழுவை கொடுத்து, மரக்கட்டை வைத்துச் சுற்றிவரத் தட்டுங்கள். ஸ்குரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பவே வேண்டாம், அலுமினியம் கீறினால் பிறகு எந்தக் கேஸ்கட்டும் ஒழுக்கை நிறுத்தாது. சூடு காட்டலாம், அலுமினியம் இரும்பை விடக் கூட விரியும், ஆனால் பெற்றோல், மண்ணெண்ணெய் தாங்கி, குழாய் எல்லாம் முதலே தூரப் போகவேண்டும்.

திரும்பப் பூட்டும்போது பல்லின் பக்கங்களுக்குக் கிரீஸ் பூசுங்கள், சாஃப்டின் உச்சிக்கு வேண்டாம், அது அடைபட்டு சாஃப்ட்டை முழுதாக ஏற விடாது.