4½ மாதப் பூனைக்குட்டிக்குக் கருத்தடை செய்யலாமா?

ஆண் ஒன்று, பெண் ஒன்று, இரண்டுக்கும் 4½ மாதம். பெண் ஒரு தடவை குட்டி போட்ட பிறகு செய்யலாம் என்கிறார் மாமியார், சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிக் காத்திருக்க மருத்துவக் காரணம் எதுவும் இல்லைங்க. பெண் குட்டி 4 மாதத்திலேயே பருவத்துக்கு வரலாம், அண்ணன் தங்கை என்றெல்லாம் பூனை பார்க்காது! 5 மாதம் முடிவதற்குள் இரண்டுக்கும் செய்துவிடுங்கள். 6 மாதத்துக்குள் செய்தால் பெண்ணுக்குப் பின்னாளில் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் வெகுவாகக் குறையும்.

அப்புறம், அறுவைக்கு முன் ராத்திரி முழுக்கப் பட்டினி போடாதீர்கள், குட்டிக்குச் சர்க்கரை இறங்கிவிடும். எத்தனை மணி நேரம் என்று மருத்துவரிடமே கேளுங்கள். ஆணுக்கு முதலில் செய்தாலும் சில வாரம் சினைப்படுத்தும் திறன் இருக்கும். பெண்ணுக்கும் முடியும்வரை தனித்தனி அறைதான்.