‘ஐ7 கேமிங் பிசி’ என்ற பட்டியலை நம்பி முற்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியிலிருந்து எழுதுகிறேன். மகன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறான். கேம் விளையாடவும் வீடியோ எடிட்டிங் பழகவும் ஒரு கொம்பியூட்டர் கேட்கிறான். கணவர் கட்டாரிலிருந்து இரண்டரை இலட்சம் ரூபா அனுப்பியிருக்கிறார். மொனிட்டரும் கீபோர்டும் வீட்டில் இருக்கின்றன. தெரிந்த தம்பி ஒருவர் கொழும்பிலிருந்து பார்ட்ஸ் எடுத்துவந்து பூட்டித் தருவதாகச் சொல்லி, ‘கோர் ஐ7, 16 ஜிபி ரேம், 4 ஜிபி விஜிஏ, 1 டிபி எஸ்எஸ்டி, 600 வொட் பவர் சப்ளை, ஆர்ஜிபி கேசிங், 185,000 ரூபா’ என்று வட்ஸ்அப்பில் அனுப்பினார். முற்பணமாக ஐம்பதாயிரம் கேட்கிறார். 65,000 மிச்சம் வருகிறதே என்று கணவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம் அக்கா. அந்தத் தம்பி கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் அனுப்பிய பட்டியலில் ஒரு பொருளுக்குக்கூட முழுப் பெயர் இல்லை. ‘டொயோட்டா கார், நல்ல கண்டிஷன்’ என்று மட்டும் யாராவது எழுதி அனுப்பினால் உங்கள் கணவர் காசு போடுவாரா? எந்த வருடம், எந்த மொடல் என்று கேட்பார். இங்கேயும் அதைத்தான் கேட்க வேண்டும்.

முதலில் அந்த ‘ஐ7’. இன்டெல் நிறுவனம் இந்தப் பெயரைப் பல வருடங்களாக ஒன்றன்பின் ஒன்றாக வந்த புரொசசர்களுக்கு, அதாவது கொம்பியூட்டரின் மூளைக்கு, வைத்துவந்தது. ஐ7-2600 வந்தது 2011இல். இன்று இணையத்தில் ‘கேமிங் பிசி, கோர் ஐ7’ என்று வரும் மலிவு விளம்பரங்களில் பெரும்பாலும் இருப்பது அதுவோ, அடுத்தடுத்து வந்த 3770, 4770 வகையோதான். வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துவிட்ட மெஷின்களைக் கொண்டுவந்து, கழுவித் துடைத்து, கலர் லைட் போட்ட கேசிங்குக்குள் மாற்றி விற்கிறார்கள். 2022இல் வந்த ஐ3-12100 என்ற சின்ன புரொசசர் அந்தப் பழைய ஐ7ஐத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஆகவே ‘ஐ’க்குப் பின்னால் வரும் எண்ணைப் பார்க்காதீர்கள், கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். நான்கு இலக்கமாக இருந்தால் முதல் இலக்கம்தான் தலைமுறை: 2600 என்றால் இரண்டாம் தலைமுறை. ஐந்து இலக்கம் என்றால் முதல் இரண்டு இலக்கம்: 12400 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. எட்டாம் தலைமுறைக்கு முந்தியதை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. உங்கள் மகன் வலோரன்ட் விளையாடுகிற பிள்ளையாக இருந்தால் இது இன்னும் முக்கியம். விண்டோஸ் 11இல் அந்த கேம் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் இல்லாமல் திறக்காது.

அடுத்தது ‘4 ஜிபி விஜிஏ’. விஜிஏ கார்ட் என்பது மொனிட்டரில் வரும் படத்தைத் தயாரிக்கும் கார்ட். அதன் பலத்தை ஜிபியில் மட்டும் அளப்பது தவறு. 2014இல் வந்த ஜிடி 730இலும் 4 ஜிபி போட்டு விற்றார்கள், ஜிடிஎக்ஸ் 1650இலும் 4 ஜிபிதான். முதலாவதில் இன்றைய பெரிய கேம்கள் ஒழுங்காக ஓடாது. அதைவிட மோசமானது போலிக் கார்ட். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முந்திய கார்டுக்குள் அதன் பெயரைச் சொல்லும் பயோஸ் என்ற மென்பொருளை மாற்றி எழுதி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று கொம்பியூட்டரையே நம்பவைத்து விற்கிறார்கள். அப்படிப்பட்ட கார்டின் பின்புறத்தில் பழைய மொனிட்டர் வயர் செருகும் நீல நிறப் போர்ட் இருந்தால் உடனே சந்தேகப்படுங்கள். 1050 போன்ற உண்மையான 10 வரிசைச் சிப்பில் அந்தப் பழைய சிக்னலே கிடையாது. ஜிபியு-இசட் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, போலி என்விடியா (ஜிடி, ஜிடிஎக்ஸ்) கார்டைப் பிடித்தால் அதுவே காட்டிக்கொடுக்கும். ஏஎம்டி நிறுவனத்தின் ஆர்எக்ஸ் 580 என்று விற்பதிலும் ஒரு வேலை நடக்கிறது. உண்மையான 580இல் 2304 ஷேடர்கள், அதாவது படத்தைக் கணக்கிடும் சின்னச் சின்ன அலகுகள். சீனச் சந்தைக்கென்று வந்த இன்னொரு 580இல் 2048தான், அது உண்மையில் 570. கிரிப்டோ மைனிங்கில், அதாவது எத்திரியம் போன்ற டிஜிட்டல் நாணயம் சம்பாதிக்கும் வேலையில், இரவு பகலாக ஓடிக் களைத்த கார்டுகளும் 2022 செப்டெம்பரில் எத்திரியம் மைனிங் நின்ற பிறகு சந்தையில் கொட்டின. பாவித்த கார்ட் வாங்கவே வாங்காதீர்கள்.

மூன்றாவது பவர் சப்ளை. இதில்தான் எனக்கு அதிகக் கோபம் வருகிறது, ஏனென்றால் வாங்குகிறவர் இதை ஒருநாளும் பார்ப்பதில்லை. கேசிங்கோடு இலவசமாக வரும் ‘600 வொட்’ பெட்டிகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். நல்ல பவர் சப்ளை கனமாக இருக்கும், இது பஞ்சு மாதிரித் தூக்க வரும். பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 12வி (12 வோல்ட்) என்று ஒரு கட்டம் இருக்கும். அதன் கீழ் எத்தனை அம்பியர் என்று பார்த்து, 12ஆல் பெருக்குங்கள். புரொசசரும் விஜிஏயும் தின்பது அந்தக் கரண்டைத்தான். 18 அம்பியர் என்று இருந்தால் 216 வொட். பெரிய எழுத்தில் 600, சின்ன எழுத்தில் 216! ஒழுங்கான 550 வொட் சப்ளையில் அந்தக் கட்டத்தில் 45 அம்பியர் அளவில் இருக்கும், அதாவது 540 வொட். 80 பிளஸ் பிரொன்ஸ் என்ற மின்சிக்கன முத்திரை உள்ள, பெயர் தெரிந்த நிறுவனத்தின் 550 வொட் ஒன்றை வாங்குங்கள். மலிவுப் பெட்டி வெடித்தால் தனியாகப் போகாது, மதர்போர்டையும் விஜிஏயையும் கூட்டிக்கொண்டு போகும். திருகோணமலையில் மழைக்காலத்தில் கரண்ட் வந்துபோகிற அழகு உங்களுக்குத் தெரியும்தானே.

சரி, எதை வாங்குவது? இரண்டரை இலட்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான தொகையை விஜிஏக்கு ஒதுக்குங்கள். மகனிடம் இருப்பது சாதாரண 1080பி மொனிட்டர் என்றால் ரேடியன் ஆர்எக்ஸ் 6600 8 ஜிபி, அல்லது அதே வகுப்பில் 8 ஜிபிக்குக் குறையாத புதுக் கார்ட் ஒன்று போதும். அதற்கு மேல் விற்க முயன்றால் மறுத்துவிடுங்கள். ரேம் 16 ஜிபி, 8 ஜிபி இரண்டாக. 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் வாங்கிக் குவித்ததால் ரேம் விலை ஏறிவிட்டது, அதற்காக 8 ஜிபியோடு நிறுத்தாதீர்கள். எஸ்எஸ்டி 500 ஜிபி என்விஎம்இ (வேகமான வகை) இப்போதைக்குப் போதும், எடிட்டிங் கூடும்போது இன்னொன்று சேர்க்கலாம். கேசிங் முன்பக்கம் கண்ணாடி இல்லாமல் வலைபோல இருக்கட்டும். கலர் லைட்டுக்கு ஒரு சதமும் கூடக் கொடுக்க வேண்டாம்.

புரொசசரில் மட்டும் நான் மற்றவர்களிடமிருந்து வேறுபடுகிறேன். கொழும்பில் எல்லோரும் ஏஎம்டியின் ரைசன் 5 5600 அல்லது ஐ5-12400எஃப் சொல்வார்கள். இரண்டும் நல்லவைதான். ஆனால் இரண்டிலும் தானாகப் படம் காட்டும் வசதி இல்லை, விஜிஏ கார்ட் இருந்தால்தான் மொனிட்டரில் வெளிச்சம் வரும். விஜிஏ பழுதானால் என்ன ஆகும்? அது வொரண்டிக்குக் கொழும்புக்குப் போகும். 250 கிலோமீட்டருக்கு மேல். ஏஜென்டிடம், அதாவது பொருளை இறக்குமதி செய்த நிறுவனத்திடம் போய், சோதித்து, மாற்றித் திரும்பி வரும்வரை உங்கள் மகனின் கொம்பியூட்டர் இருண்டு கிடக்கும். கடைசியில் ‘எஃப்’ எழுத்து இல்லாத ஐ5-12400 வாங்கினால் விலை சற்றுக் கூட, ஆனால் விஜிஏ இல்லாத நாட்களிலும் பாடம், சூம் வகுப்பு, கொஞ்சம் எடிட்டிங் எல்லாம் நடக்கும். திருகோணமலைக்காரருக்கு நான் இதைத்தான் சொல்வேன். டிடிஆர்4 ரேம் போடும் எச்610 அல்லது பி660 மதர்போர்ட் அதற்குப் பொருந்தும். அதே போர்டுகள் டிடிஆர்5இலும் வருகின்றன, ஒன்றின் ரேம் மற்றதில் ஏறாது. அதனால் பில் போடும் முன் இரண்டையும் ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த வொரண்டிக் கதை ஏன் இப்படி இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பொருளுக்கு 18 சதவீத வற் வரி கொழும்புக்காரர் கட்டுவது போலவே நாமும் கட்டுகிறோம். சேவை என்று வரும்போது மட்டும் ‘கொண்டுவாங்க, பார்ப்போம்’. பஸ் காசு, கூரியர் காசு, ஒருநாள் வேலை எல்லாம் நம் தலையில். விளம்பரத்தில் மொடல் எண் எழுதாமல் ‘ஐ7’ என்று மட்டும் போட்டு ஒன்றரை இலட்சத்துக்கு விற்க முடிகிறது, கேட்க ஆளில்லை. மருந்துப் பெட்டியில் திகதி இல்லாமல் விற்கவிடுவார்களா? அதனால்தான் எடுத்துத் தருகிற தம்பிமாரைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன். அவர் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்குகிறார் என்றே வையுங்கள். பில் அவர் பெயரில் இருக்கும், அல்லது பில்லே இருக்காது. ஒரு வருடம் கழித்து அவர் வெளிநாடு போய்விட்டால் வொரண்டியும் விமானம் ஏறிவிடும். பில் உங்கள் பெயரில், ஒவ்வொரு பொருளின் மொடலும் சீரியல் எண்ணும் எழுதப்பட்டு இருக்க வேண்டும். ‘கடை வொரண்டி’ என்றால் அந்தக் கடை இருக்கும்வரைதான். ‘ஏஜென்ட் வொரண்டி’ என்று கேளுங்கள், எந்த ஏஜென்ட் என்றும் கேளுங்கள்.

பழைய அலுவலக மெஷின் வேண்டாம் என்றேன். அதற்கு ஒரு விலக்கு இருக்கிறது, அதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அரைகுறையாகக் கேட்டுவிட்டு ஏமாறுகிறவர்கள் அதிகம். கணவர் அனுப்பிய காசில் பாதி வேறு செலவுக்குப் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய ஐ5 உள்ள, உதாரணமாக ஐ5-8500 உள்ள, டெல் அல்லது எச்பி அலுவலக மெஷினை வாங்கலாம். ஆனால் அது உயரமான டவராக இருக்க வேண்டும். படுக்கவைக்கும் மெல்லிய பெட்டியில் சாதாரண விஜிஏ கார்டின் உயரம் கொள்ளாது. அந்த மெஷின்களில் பவர் சப்ளையின் பிளக் பெரும்பாலும் அந்தந்தக் கம்பனிக்கே உரியது, கடையில் வாங்கும் சப்ளை அதில் நேரே செருகாது. ஆகவே உள்ளே இருக்கும் சப்ளையோடுதான் காலம் தள்ள வேண்டும். அதனால் தனி வயர் கேட்காத விஜிஏ மட்டுமே போடலாம். மதர்போர்ட் ஸ்லொட் தரும் 75 வொட்டுக்குள் ஓடுகிற ஜிடிஎக்ஸ் 1650 அப்படிப்பட்டது. அதிலும் சில தயாரிப்புகள் ஆறு பின் வயர் கேட்கும், கார்டின் மேல்விளிம்பைப் பார்த்து பிளக் இல்லாததை எடுங்கள். அதுவும் புதிதாக, பில்லோடு. பிறகு பெரிய விஜிஏ மாற்ற முடியாது என்பதை மகனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இத்தனையும் பொருந்தினால் மட்டும் வாங்கலாம், ஒன்று தவறினாலும் விட்டுவிடுங்கள்.

உப்புவெளி என்பதால் இன்னும் ஒன்று. கடல் பக்க ஜன்னலுக்கு நேரே கொம்பியூட்டரை வைக்க வேண்டாம். உப்புக்காற்று கனெக்டர்களில் பச்சை பூக்கவைக்கும், கச்சான் வீசும் மாதங்களில் புழுதி விசிறிகளை அடைக்கும். கேசிங்கைத் தொட்டால் மெல்லச் சுள்ளென்று ஷொக் அடித்தால் எர்த் இல்லை என்று அர்த்தம், மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக்கிச் செருகாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும் யுபிஎஸ் பெட்டி 650 விஏ என்றால் பெரும்பாலும் 360 வொட் அளவுதான். நான் சொன்ன மெஷின் கேம் ஓடும்போது மொனிட்டரோடு சேர்ந்து 250 வொட்டுக்கு மேலேயும் எடுக்கலாம், ஆகவே எல்லைக்கு நெருங்காமல் 1000 விஏ பாருங்கள்.

இப்போது அந்தத் தம்பிக்கு வட்ஸ்அப்பில் பதில் போடுங்கள்: புரொசசர், மதர்போர்ட், விஜிஏ, ரேம், எஸ்எஸ்டி, பவர் சப்ளை ஆறுக்கும் முழு மொடல் பெயர், புதியதா பாவித்ததா, வொரண்டி எத்தனை வருடம், யாருடையது. எழுதித் தந்தால் அதே பட்டியலை நகரில் இன்னும் இரண்டு கடைகளில் காட்டி விலை கேளுங்கள். ‘அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் அக்கா’ என்று பதில் வந்தால் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். ஏற்கனவே ஐம்பதாயிரம் கொடுத்திருந்தால் வட்ஸ்அப் செய்தியையும் வங்கிச் சீட்டையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தராமல் இழுத்தடித்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடுங்கள்.