டீ வாங்கப் போன பையன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

காங்கயம் பக்கத்தில் எங்கள் அய்யன் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார், எரிந்த மோட்டாருக்குப் புதிதாகக் கம்பி சுற்றிக் கட்டுகிற கடை. நான் பி.இ. முடித்துவிட்டுக் கடையிலேயே இருக்கிறேன். தொழிலைப் பெரும்பாலும் யூடியூபிலும் ஒரு வாட்ஸப் குழுவிலும்தான் கற்றேன். "போனைப் பாத்துக் கத்துக்கறதெல்லாம் ஒரு தொழிலா" என்கிறார் அய்யன். குழுவில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், கேள்வி கேட்டால் பதில் வராது, காலை வணக்கம் மட்டும் தவறாமல் வரும். போன மாதம் ஒரு சப்மெர்சிபிள் மோட்டார், தண்ணீருக்குள் மூழ்கி ஓடுவது, பற்றிக் கேட்டேன். ஒரு அண்ணன் மட்டும் தனியாகப் பதில் அனுப்பினார், மோட்டார் ஓடிவிட்டது. இணையத்தில் கற்பது உண்மையான கல்விதானா? இந்தக் குழுவிலிருந்து விலகிவிடலாமா? படிக்கச் சில புத்தகங்களும் சொல்லுங்கள்.

தம்பி,

உண்மையான கல்வியா என்ற கேள்வியை விடு. நீ கட்டிய மோட்டார் சூடாகாமல் ஓடித் தண்ணீர் எடுத்தால் அது கல்விதான். அய்யன் சொல்வது வேறு. பையன் என் கையைப் பார்க்காமல் போனைப் பார்க்கிறானே என்ற வருத்தம் அது. புத்தகம் அப்புறம் பார்ப்போம்.

நீ போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்கு உறுத்துகிறது. தனியாகப் பதில் வந்தது, மோட்டார் ஓடிவிட்டது. சரி, அந்தப் பதிலைக் குழுவில் போட்டாயா? போட்டிருக்க மாட்டாய். "நன்றிண்ணா" என்று ஒரு கும்பிடு பொம்மையை அனுப்பிவிட்டு ஷட்டரை இறக்கியிருப்பாய்.

எண்பதுகளில், பத்தாவது தேறாமல் வீட்டில் சும்மா கிடந்த என்னைக் கோவை கணபதியில் ஒரு வைண்டிங் கடையில் சேர்த்துவிட்டார்கள். ஒன்றரை வருடம். எரிந்த காயிலை, அதாவது கம்பிச் சுற்றை, உளி வைத்து வெட்டி எடுப்பது, எத்தனை சுத்து என்று எண்ணுவது, கம்பியின் தடிமன் என்ன கேஜ், காயில் உட்காரும் பள்ளமான ஸ்லாட்டில் எத்தனை தள்ளி விழுந்திருக்கிறது என்று பார்ப்பது, இதெல்லாம் நாங்கள். அதை முதலாளி ஒரு நீள நோட்டில் எழுதி டிராயரில் வைத்துப் பூட்டுவார். சாவி அவருடைய அரணாக்கயிற்றில். காயில் இறக்கி முடிந்து, எந்த முனையை எதோடு சேர்ப்பது என்கிற கனெக்‌ஷன் கொடுக்கிற நேரம் வந்ததும் என் பக்கம் திரும்பாமலே, "கண்ணு, போயி டீ வாங்கிட்டு வா" என்பார். தூக்குப்போசியோடு நான் திரும்பும்போது முனைகளை முறுக்கி, ஸ்லீவ் மாட்டி, நூல் போட்டுக் கட்டியிருப்பார். அந்த ஒன்றரை வருடத்தில் நான் உருப்படியாகக் கற்றது எந்தக் கடையில் டீ திக்காக இருக்கும் என்பதைத்தான்.

கெட்டவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது சைக்கிளில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனவர். அவரையும் அவருடைய முதலாளி டீ வாங்க அனுப்பியிருப்பார், அவ்வளவுதான். 1932இல் நீலகிரி பைக்காரா அருவியிலிருந்து மின்சாரம் வந்த பிறகு கோவைச் சீமையில் கிணற்றுக்குக் கிணறு மாடு கட்டி இறைக்கிற கவலை ஏற்றம் போய் மோட்டார் ஏறியது. மோட்டார் என்றால் எரியும், எரிந்தால் கட்ட ஆள் வேண்டும். அந்த ஆட்களில் எத்தனை பேர் தூக்குப்போசியோடு நடந்திருப்பார்களோ! முதலாளி போன பிறகு அந்த நோட்டுகள் எடைக்குப் போய்விட்டன. எனக்குத் தெரியவந்தபோது பழைய பேப்பர் கடையிலும் இல்லை.

சென்ற வருடம் தூக்கம் வராத ஒரு ராத்திரி, முகம்கூடக் காட்டாத ஒருவர் யூடியூபில் கனெக்‌ஷன் கொடுப்பதைப் பார்த்தேன். இந்த முனை இங்கே, அந்த முனை அங்கே என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனார். என்னை எங்கேயும் போகச் சொல்லவில்லை. நாற்பது வருடம் கழித்து எனக்கு அந்தக் கனெக்‌ஷன் புரிந்தது.

இப்போது சொல், தனிச்செய்தி என்பது பூட்டிய டிராயர் இல்லாமல் வேறென்ன? உனக்குச் சொன்ன அண்ணன் நல்ல மனுஷன்தான். ஆனால் அடுத்த மாதம் தாராபுரத்தில் ஒரு பையனுக்கு அதே மோட்டார் வரும், அவன் எங்கே தேடுவான்? அந்த அண்ணன் தப்பாகச் சொல்லியிருந்தால் திருத்த யார் இருந்தார்கள்? பொதுவில் சொல்லியிருந்தால், "அது உள்ளே தண்ணி நிரப்பி ஓடுற மோட்டாருங்க, எனாமல் பூச்சுக் கம்பி போடாதீங்க, தாங்காது" என்று யாராவது ஒருத்தர் குறுக்கே விழுந்திருப்பார். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவைப் பார். கட்டுரைக்குப் பின்னால் உரையாடல் பக்கம் இருக்கும். போட்ட சண்டை எல்லாம் அப்படியே கிடக்கும், பத்து வருடம் கழித்து வருகிறவனும் படிக்கலாம். எனக்குக் கட்டுரையைவிட அந்தச் சண்டை பிடிக்கும்.

நீ ஏன் போடவில்லை என்றும் தெரியும். பி.இ. படித்தவனுக்கு இதுகூடத் தெரியாதா என்பார்கள். ஆயிரம் பேருக்கும் அதே பயம், அதனால்தான் ஆயிரம் காலை வணக்கம். வணக்கம் சொல்கிறவனுக்கு என்ன தெரியாது என்பது வெளியே வராது பார்.

குழுவை விட்டு விலகாதே. அந்த அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எச்.பி., ஸ்லாட், சுத்து, கேஜ், கனெக்‌ஷன் எல்லாவற்றையும் அவர் பெயரோடு குழுவில் போடு. முதலில் உளறியதையும் மறைக்காமல் போடு. அப்புறம், உங்கள் அய்யனிடமும் ஒரு நோட்டு இருக்கும். டிராயரைத் திறந்து போட்டோ எடுக்கிற வேலை வேண்டாம். சாயங்காலம் கடையில் கூட்டம் குறைந்ததும் அவருக்கு ஒரு டீ வாங்கிக்கொண்டு போய்க் கேள்.