ஸ்டிங் இப்போது எங்கே நிற்கிறது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஸ்டிங் புரதம் நம் செல்களில் எந்நேரமும் இருக்கிறதாமே. அப்படியானால் ஏன் எப்போதும் அழற்சி வருவதில்லை?

இருப்பது வேறு, வேலை செய்வது வேறு. ஸ்டிங் என்பது ஆபத்து வந்தால் நோயெதிர்ப்பைத் தட்டி எழுப்பும் எச்சரிக்கை மணி; அது ஒலித்தால்தான் அழற்சி. சும்மா இருக்கும்போது ஸ்டிங், செல்லுக்குள் வலைபோல விரிந்திருக்கும் எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்தின் சவ்வில் பதிந்து கிடக்கும். டி.என்.ஏ. உட்கருவிலும் மைட்டோகாண்ட்ரியாவிலும்தான் இருக்க வேண்டும். அது சைட்டோபிளாசத்தில் தட்டுப்பட்டால் வைரஸ் நுழைந்திருக்கலாம், அல்லது எங்கோ ஏதோ கசிந்திருக்கலாம். சி-காஸ் என்ற நொதி அதைப் பிடித்துக்கொண்டு சி-காம்ப் என்ற சின்ன மூலக்கூறைத் தயாரிக்கும். அது ஸ்டிங்கில் போய் ஒட்டும்.

பாடநூல் படங்களில் இதற்கு அடுத்ததாக ஓர் அம்புக்குறி, உடனே இன்டர்ஃபெரான் (வைரஸ் வந்ததாக மற்ற செல்களை எச்சரிக்கும் புரதம்). எனக்கு அந்த அம்புக்குறிமேல்தான் கோபம். நடுவில் ஒரு பயணமே இருக்கிறது. ஸ்டிங் கிளம்பி, செல்லின் புரதங்களைப் பிரித்து அனுப்பும் நிலையமான கோல்ஜிக்குப் போயாக வேண்டும். அங்கேதான் அதன்மேல் பால்மிடிக் அமிலம் என்ற கொழுப்பு ஏறும், டிபிகே1 நொதி வந்து சேரும். அப்புறம்தான் ஐ.ஆர்.எஃப்.3 என்ற, ஜீன்களை இயக்கும் புரதம் உட்கருவுக்குள் போய் இன்டர்ஃபெரான் ஜீனைத் தட்டி எழுப்பும். பிரெஃபெல்டின் ஏ என்ற மருந்தால் கோல்ஜிக்குப் போகும் வழியை மறித்துவிட்டால், சி-காம்ப் கொடுத்தும் பலனில்லை.

இந்தப் பயணத்தைக் கண்ணால் பார்க்க முடியுமா?

தாராளமாக. ஸ்டிங்கோடு பச்சையாக ஒளிரும் புரதத்தை இணைத்து நுண்ணோக்கியில் வையுங்கள். முதலில் செல் முழுக்க மீன்வலை விரித்த மாதிரி மங்கலான பச்சை. சி-காம்ப் கொடுத்து ஒரு மணி நேரத்துக்குள் வலை சுருங்கி, உட்கருவை ஒட்டி ஒரு பக்கமாகப் பளிச்சென்று திரளும். அதுதான் கோல்ஜி. இன்னும் சில மணி நேரம் காத்திருந்தால் பச்சை மங்கிப்போகும். ஸ்டிங், செல்லின் குப்பையைச் சிதைக்கும் பையான லைசோசோமுக்குப் போய்ச் சிதைகிறது. சமிக்ஞை அடங்குவதும் அப்படித்தான்.

ஒரு பழைய கட்டுரையில் ஸ்டிங் மைட்டோகாண்ட்ரியாவில் இருப்பதாகப் படித்தேன். எது சரி?

நீங்கள் படித்ததில் 'மீட்டா' என்ற பெயர் இருந்திருக்கும். 2008-ஐ ஒட்டி வெவ்வேறு குழுக்கள் இதே புரதத்தைத் தனித்தனியே கண்டுபிடித்து ஆளுக்கொரு பெயர் வைத்தன. ஒரு குழு மைட்டோகாண்ட்ரியா என்றது, இன்னொன்று செல்லின் வெளிச்சவ்வு என்றது. கடைசியில் நிலைத்தது எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம்தான்.

தூண்டுதல் இல்லாமலே ஸ்டிங் கோல்ஜிக்குப் போய்விட்டால்?

நோய்தான். சாவி என்ற அரிய நோயில் (2014-ல் விவரிக்கப்பட்டது) ஸ்டிங் ஜீனிலேயே பிழை. சி-காம்ப் ஒட்டாமலே ஸ்டிங் கிளம்பிவிடும். கைக்குழந்தையாக இருக்கும்போதே விரல், காது, மூக்கு நுனிகளில் புண், நுரையீரல் பாதிப்பு. குளிர் பட்டால் புண் இன்னும் மோசமாகும்.

எனக்கு இதைவிட வியப்பு கோபா நோய்க்குறி. இதில் ஸ்டிங்கில் ஒரு பிழையும் இல்லை! கோல்ஜியிலிருந்து சரக்கைத் திருப்பி எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்துக்கு ஏற்றிவரும் வண்டியின் ஒரு பாகம்தான் கோபா புரதம். வண்டி பழுதானால், வழக்கமாகக் கசிந்து வரும் ஸ்டிங்கும் திரும்ப முடியாமல் கோல்ஜியிலேயே தேங்கிக் கத்திக்கொண்டே இருக்கும். நுரையீரலில் ரத்தக்கசிவு, மூட்டுவாதம் எல்லாம் அதனால்தான். இரண்டு நோய்களிலும் இன்டர்ஃபெரானின் விளைவை மட்டுப்படுத்தும் ஜாக் தடுப்பான் மாத்திரைகளைத் தருகிறார்கள்.

உட்கருவுக்குள்ளும் சி-காஸ் உண்டு என்கிறார்களே. நம் டி.என்.ஏ.வையே எதிரி என்று நினைக்காதா?

நியாயமான சந்தேகம். அங்கே சி-காஸ், நம் டி.என்.ஏ. சுற்றியிருக்கும் நியூக்ளியோசோம் புரதங்களோடு இறுக ஒட்டிக் கிடக்கிறது. டி.என்.ஏ.வைப் பிடிக்கும் பகுதி மறைந்துபோவதால் வேலை செய்ய வழியில்லை. 2020-ல் வந்த கட்டமைப்புப் படங்கள் இதைத் தெளிவாகக் காட்டின.

எனக்கு லூபஸ். மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயினை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஏன்?

இதுவும் இட விஷயம்தான். டி.எல்.ஆர்.7, டி.எல்.ஆர்.9 என்ற ஏற்பிகள் ஆர்.என்.ஏ., டி.என்.ஏ.வை உணர்பவை. இவை எண்டோசோம் என்ற அமிலப் பைகளுக்குள் ஒளிந்திருக்கின்றன. வெளியே திரியும் நம் சொந்த டி.என்.ஏ. எளிதில் கைக்கு எட்டாது. நோயெதிர்ப்பு நம் உடலையே தாக்கும் நோயான லூபஸில் அது ஆன்டிபாடியோடு ஒட்டிக்கொண்டு பைக்குள்ளேயே போய்விடுகிறது. ஹைட்ராக்சிகுளோரோகுயின் பையின் அமிலத்தன்மையைக் குறைத்து அந்த ஏற்பிகளை மந்தமாக்குகிறது. மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். விழித்திரைப் பரிசோதனையை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் செய்துகொள்ளுங்கள்.