அமெரிக்க மின்கார் வரிச்சலுகையில் எஸ்யூவிக்கு மட்டும் ஏன் தனி விலை வரம்பு?

வரிச்சலுகை என்றால், மின்கார் வாங்கியவர் கட்டவேண்டிய வருமான வரியில் 7,500 டாலர் வரை கிடைத்த கழிவு. 2023 முதல் இதற்கு விலை உச்சவரம்பு வந்தது: சாதாரண கார் 55,000 டாலர், எஸ்யூவி (உயரமான பெரிய கார்), வேன், பிக்கப் (பின்னால் திறந்த சரக்குத் தட்டுள்ள வண்டி) 80,000. பெரிய வண்டிக்குப் பெரிய பேட்டரி, அதனால் விலையும் கூடுதல்.

சிக்கல் வகைப்படுத்தலில்தான். ஐந்து இருக்கை டெஸ்லா மாடல் ஒய் முதலில் ‘கார்’, ஏழு இருக்கை ‘எஸ்யூவி’. 2023 பிப்ரவரியில் விதி மாறி இரண்டுமே எஸ்யூவி, இரண்டுக்கும் 80,000 வரம்பு. சாதா தோசைக்கு 55 ரூபாய், மசால் தோசைக்கு 80 ரூபாய் வரை கூப்பன் செல்லும் என்றால், ஓட்டல்காரர் எந்தத் தோசையிலும் துளிக் கிழங்கு வைத்துவிடுவாரே!

பெரிய வண்டிக்குக் கூடுதல் சலுகை என்பது தவறு. தொகைக்கு ஒரே உச்சம்தான், விலை வரம்புதான் வேறு. 2025 செப்டம்பர் 30-க்குப் பிறகு வாங்கியவற்றுக்கு அந்த வரிச்சலுகையே இல்லை.