தூக்கினால் கை பழகிவிடுமா?

கேள்வி: மகளுக்கு ஏழு வாரம். மாலை ஆறு மணி ஆனால் சிணுங்க ஆரம்பித்து வீறிட்டு அழுகிறாள். "எடுத்து எடுத்து வைத்தால் கை பழகிவிடும், கொஞ்ச நேரம் அழட்டும்" என்கிறார் மாமியார். விட்டுவிடலாமா?
- வாசகி, விருதுநகர்

பதில்: விடாதீர்கள், தாராளமாகத் தூக்குங்கள். ஏழு வாரக் குழந்தைக்கு அடம்பிடிக்கத் தெரியாது. ஆறு வாரத்தை ஒட்டி அழுகை உச்சத்துக்குப் போகும், அதிலும் மாலையில்தான் அதிகம். மூன்று, நான்கு மாதத்தில் தானாகத் தணியும்.

கனடாவின் மான்ட்ரியலில் ஹன்சிகர், பார் என்ற இரு மருத்துவர்கள் செய்த ஆய்வு 1986-இல் வெளியானது. தினமும் கூடுதல் நேரம் தூக்கி வைக்கப்பட்ட குழந்தைகள் ஆறாவது வாரத்தில் மற்றவர்களைவிட 43 சதவீதம் குறைவாக அழுதார்கள். அழும்போது மட்டுமல்ல, சும்மா இருக்கும்போதும் அவர்களைத் தூக்கி வைத்திருந்தார்கள் என்பதுதான் இதில் முக்கியம். நீங்களும் ஆறு மணிக்குக் காத்திராமல் ஐந்து மணிக்கே தோளில் போட்டுக்கொள்ளுங்கள்.

உதட்டைச் சப்புவது, கையை வாய்க்குக் கொண்டுபோவது, தலையைத் திருப்பித் தேடுவது எல்லாம் பசியின் முதல் அடையாளங்கள். அழுகை கடைசியில்தான் வரும். வீறிடும் குழந்தை மார்பைச் சரியாகப் பிடிக்காது. அமைதிப்படுத்திவிட்டுப் பால் கொடுங்கள். பால் குடித்தும் ஓயவில்லையா? ஈரத்துணி, இறுக்கமான நாடா, வியர்வை பாருங்கள். கால்விரல்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். பிரசவத்துக்குப் பின் கொட்டும் தலைமுடி ஒன்று விரலைச் சுற்றி இறுக்கி, சிவந்து வீங்கியிருக்கலாம். வசம்பு, கிரைப் வாட்டர் வேண்டாம். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

உங்களுக்கே தாங்கமுடியாமல் போனால், குழந்தையை மல்லாக்கப் பாயில் கிடத்திவிட்டு ஐந்து நிமிடம் தள்ளி நில்லுங்கள். அதில் தப்பே இல்லை. குலுக்க மட்டும் கூடாது. மூளையில் ரத்தம் கசியும். மாமியாரின் கவலை உங்கள் முதுகைப் பற்றியதாகவும் இருக்கலாம். மாலையில் அரை மணி நேரம் அவர் தோளுக்குக் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: பதினோரு மாதப் பையன். செல்போன் காட்டினால்தான் வாய் திறக்கிறான். ஒருவேளைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகிறது.
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: செல்போனைப் பார்த்துக்கொண்டு விழுங்கும் குழந்தைக்கு வயிறு நிறைந்தது தெரிவதில்லை. இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம் என்றே உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது.

இந்த வயதில் ஒருவேளைக்கு 250 மில்லி கிண்ணத்தில் பாதி போதும்; மூன்று, நான்கு வேளை. பல வீடுகளில் குழந்தை வேண்டாம் என்பது அந்தப் பாதிக்கு மேல் ஊட்டும்போதுதான். சாதமும் பருப்பும் கரண்டியிலிருந்து வழியாத பதத்தில், நெய் விட்டு மசித்திருக்கட்டும். கஞ்சித் தண்ணீர் வயிற்றை நிரப்புமே தவிர சத்து தராது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து பாலும் பிஸ்கட்டும் கொடுக்காதீர்கள். எதிரே உட்கார்ந்து, முகம் பார்த்துப் பேசி ஊட்டுங்கள்; அவன் கையிலும் கொஞ்சம் கொடுங்கள், சிந்தட்டும். முகத்தைத் திருப்பினால் சற்றுப் பொறுத்து மறுபடி கேளுங்கள். அப்போதும் வாயை மூடிக்கொண்டால் எடுத்துவிடுங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். முதல் சில நாள் குறைவாகத்தான் சாப்பிடுவான், பயப்படாதீர்கள். எடை மட்டும் மாதம் ஒருமுறை அங்கன்வாடியில் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: வேலைக் களைப்பில் இரண்டு வயது மகளிடம் கத்திவிடுகிறேன். மனதில் தங்கிவிடுமா?
- வாசகர், கோவை

பதில்: எப்போதாவது ஒருமுறை என்றால் தங்காது. எந்த அப்பா அம்மாவும் எல்லா நேரமும் குழந்தையின் மனதுக்கு ஏற்றபடி நடந்துகொள்வதில்லை; பிறகு போய்ச் சேர்த்துக்கொள்கிறார்களா என்பதைத்தான் குழந்தை பார்க்கிறது. அன்றே, அவள் உயரத்துக்குக் குனிந்து, "அப்பா கத்திட்டேன், உன் மேல தப்பு இல்ல" என்று சொல்லுங்கள். தினமும் நடக்கிறதென்றால், வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் பத்து நிமிடம் போனைத் தொடாமல் அவளோடு தரையில் உட்காருங்கள். நச்சரிப்பு பெரும்பாலும் அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான்.