முதல் தடவை ஐஸ் ஹொக்கி மச் பார்க்கப் போகிறவர்கள் என்ன தெரிந்துகொண்டு போக வேண்டும்?

"கல்லடியில் இருந்து நானும் மனைவியும் தை மாதம் ரொறன்ரோவில் இருக்கும் மகளிடம் போகிறோம். மருமகன் மேப்பிள் லீஃப்ஸ் அணியின் ஐஸ் ஹொக்கி மச்சுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்கிறார். இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது, ஆட்டமும் தெரியாது. போனால் விளங்குமா, குளிரைத் தாங்குவோமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

விளங்கும் ஐயா. ஆனால் மருமகனிடம் ஒன்று சொல்லிப் பாருங்கள்: முதல் மச்சுக்கு லீஃப்ஸ் வேண்டாம், மார்லீஸ் போதும். ரொறன்ரோ மார்லீஸ் என்பது லீஃப்ஸின் அடுத்த நிலை அணி, அமெரிக்கன் ஹொக்கி லீக்கில் ஆடுகிறது. இதுவும் சம்பளத்துக்கு ஆடும் தொழில்முறை ஆட்டம்தான். நாளைக்கு லீஃப்ஸுக்கு ஏறப்போகும் பொடியன்கள் பலர் இங்கேதான் ஆடுகிறார்கள். ஐஸ் தளத்தின் அளவும் அதே, விதிகளும் ஏறக்குறைய அதே. விலைதான் வேறு. லீஃப்ஸ் ஆடும் ஸ்கோஷியாபாங்க் அரீனாவில் சுமார் 18,800 பேர் இருக்கலாம், அப்படியிருந்தும் மேல்தட்டு டிக்கட்டே பெரும்பாலும் நூறு டொலரைத் தாண்டிவிடும். 1967க்குப் பிறகு ஸ்டான்லி கிண்ணம் என்ற சாம்பியன் கிண்ணத்தைத் தொடாத அணிக்கு இவ்வளவு கிராக்கி! மார்லீஸ் ஆடும் கோகோ கோலா கொலிசியம் அதில் பாதிகூட இல்லை. எந்த மூலையில் இருந்தாலும் ஆட்டக்காரர் முகம் தெரியும், சனி ஞாயிறுகளில் பின்னேர மச்சும் வரும்.

லீஃப்ஸ்தான் வேண்டும் என்றால் செவ்வாய், புதன் இரவு மச்சாகப் பார்க்கச் சொல்லுங்கள். சனி இரவும், மொன்றியல் கனேடியன்ஸ் வரும் நாளும் விலை உச்சத்தில் நிற்கும். டிக்கட் கடதாசியில் வராது, போனில்தான் வரும். அதில் உள்ள பார்கோட் மாறிக்கொண்டே இருப்பதால் ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்பினால் வாசலில் வேலை செய்யாது. எல்லா டிக்கட்டையும் மருமகனின் போனிலேயே வைத்துக்கொண்டு ஒன்றாக உள்ளே போவதுதான் சுலபம். முகநூலில் யாரோ மலிவாகத் தருகிறேன் என்று படம் அனுப்பினால் காசு போய்விட்டது என்று அர்த்தம்.

இருக்கை விஷயத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். கண்ணாடியை ஒட்டிய முன்வரிசை மிக விலை; ஆனால் ஆட்டம் மறு கோடிக்குப் போனால் அங்கிருந்து ஒன்றும் தெரியாது. தளம் 200 அடி நீளம், 85 அடி அகலம். மட்டக்களப்பாருக்குத் தெரிந்த கூடைப்பந்துத் திடலின் நீளத்தில் இரண்டு மடங்குக்கும் மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை முழுதாகப் பார்க்க உயரம் வேண்டும். புதிதாகப் போகிறவர்களுக்கு நல்ல இடம் தளத்தின் நடுக்கோட்டுக்கும் அதன் இருபக்கமும் உள்ள நீலக் கோட்டுக்கும் நேரே, கொஞ்சம் மேலே. கோல் கம்பத்துக்குப் பின்பக்கம் மலிவு, அங்கே பாதுகாப்பு வலை கண்ணை மறைக்கும். பத்து நிமிடத்தில் பழகிவிடும். முழங்கால் வலி இருந்தால் வரிசையின் ஓரக் கதிரை கேளுங்கள். ஸ்கோஷியாபாங்க் அரீனாவின் மேல்தட்டுப் படிகள் செங்குத்தானவை, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இறங்குங்கள்.

குளிர் பற்றிய பயம் பாதிதான் சரி. ஐஸ் உறைநிலைக்குக் கீழே இருந்தாலும் பார்வையாளர் பக்கம் அப்படி இல்லை. ஒரு ஸ்வெட்டர், அதற்கு மேல் கழற்றக்கூடிய ஜக்கெட், தடித்த காலுறை போதும். அசையாமல் இரண்டரை மணிநேரம் இருப்பதால் முதலில் விறைப்பது கால்தான். ஸ்கோஷியாபாங்க் அரீனாவுக்கு யூனியன் ஸ்டேஷனில் இருந்து கட்டடத்துக்கு உள்ளாலேயே நடந்து போகலாம், வெளிக்காற்று படாது. கொலிசியத்துக்கு எக்சிபிஷன் ஸ்டேஷனில் இறங்கிச் சில நிமிடம் வெளியே நடக்க வேண்டும். ஏரிக்காற்று முகத்தில் அடிக்கும், தொப்பியும் கையுறையும் அங்கேதான் தேவை. ஸ்காபரோவில் இருந்து என்றால் லேக்‌ஷோர் ஈஸ்ட் பாதையில் ஓடும் கோ (GO) கோச்சி நல்லது. அதில் பல யூனியனைத் தாண்டி நேரே எக்சிபிஷன் வரை போகும்.

ரோல்ஸும் பற்றிஸும் கட்டிக்கொண்டு போகாதீர்கள், வாசலில் விடமாட்டார்கள். பெரிய பையும் வேண்டாம். உள்ளே சாப்பாடு விலை, காசாகக் கொடுத்தால் வாங்கமாட்டார்கள், காட்தான். மரக்கறிக்காரர் கவனிக்க வேண்டியது பூட்டின்: பார்க்க உருளைக்கிழங்குப் பொரியலும் சீஸும்தான், மேலே ஊற்றும் குழம்பு பெரும்பாலும் இறைச்சிச் சாறில் செய்தது. ஹலால் பார்ப்பவர்களும் கேட்டுவிட்டு வாங்குங்கள். வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போய் அங்கே பொப்கோர்னோடு நிறுத்துவது புத்தி.

இனி ஆட்டம். ஒரு பக்கம் ஐந்து பேரும் கோல் காப்பாளரும். 20 நிமிடப் பகுதிகள் மூன்று, நடுவில் சுமார் 18 நிமிட இடைவேளை இரண்டு. பந்துக்குப் பதிலாக அடிக்கும் வட்டத் தட்டுத்தான் பக்: மூன்று அங்குல விட்டம், ஒரு அங்குலத் தடிப்பு. துள்ளாமல் இருக்க உறைய வைத்துத்தான் தளத்துக்குக் கொண்டு வருவார்கள். அதைக் கண்ணால் துரத்தினால் முதல் பகுதியிலேயே களைத்துப்போவீர்கள். ஆட்டக்காரர் எந்தப் பக்கம் உடம்பைத் திருப்புகிறார்கள் என்று பாருங்கள், பக் எங்கே என்று தானாகத் தெரியும். ஒவ்வொருவரும் முக்கால் நிமிடம் மட்டில் ஆடிவிட்டு, ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வேலியைத் தாண்டி மாறுவார்கள். யாருக்கோ காயம் என்று நினைக்க வேண்டாம்.

விதிகளில் மூன்று தெரிந்தால் போதும். ஓஃப்சைட்: வெபர் மைதானத்தில் பார்த்த உதைபந்தாட்ட ஓஃப்சைட்டை மறந்துவிடுங்கள். இங்கே எதிரணியின் நீலக் கோட்டை முதலில் பக் தாண்ட வேண்டும், தாக்குகிறவர் அதற்குப் பிறகுதான். ஐசிங்: நடுச் சிவப்புக் கோட்டுக்கு முன்னால் தன் பாதியில் இருந்தபடி அடித்த பக், யாரும் தொடாமல் எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டினால் விசில். அடித்த அணியின் கோலடியிலேயே மீண்டும் தொடங்கும், அந்த அணி ஆள் மாற்றவும் முடியாது. களைத்தவர்களே நிற்க வேண்டும் என்பதுதான் தண்டனையின் கடுமை. மூன்றாவது பெனல்டி: சிறு தவறு செய்தவர் இரண்டு நிமிடம் தண்டனைப் பெட்டிக்குள் இருக்க வேண்டும், அணி ஓர் ஆள் குறைவாக ஆடும். அந்த நேரம் எதிரணி கோல் போட்டால் உள்ளே இருந்தவர் உடனே வெளியே வரலாம். கூட்டம் எழும்பிக் கத்துவது இந்த இரண்டு நிமிடத்தில்தான்.

கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு இரண்டு பேர் சண்டை பிடித்தால் பதற வேண்டாம். நடுவர்கள் சற்று விட்டுப் பிடித்து, ஆளுக்கு ஐந்து நிமிடம் பெட்டியில் போடுவார்கள். கடைசி இரண்டு நிமிடத்தில் பின்தங்கிய அணியின் கோல் காப்பாளர் ஓடிப்போய் இருக்கையில் இருந்தாலும் காயம் இல்லை, அவருக்குப் பதிலாக ஆறாவது தாக்குநரை இறக்குகிறார்கள். வெறும் கோலாக நிற்கும் அந்த நிமிடங்களை விட்டுவிட்டு நெரிசலுக்குப் பயந்து முன்கூட்டியே எழும்புவது பெரிய நட்டம். சமநிலை என்றால் மூன்றுக்கு மூன்று பேராக ஐந்து நிமிடம், அதிலும் முடியாவிட்டால் ஒரு ஆட்டக்காரரும் எதிரணிக் கோல் காப்பாளரும் மட்டும் நேருக்கு நேர் நிற்கும் ஒற்றைக்கு ஒற்றை அடி.

ஒழுங்குகள் சில. தேசிய கீதத்துக்கு எழும்பித் தொப்பியைக் கழற்றுங்கள். ஆட்டம் ஓடும்போது படியில் நடக்கக் கூடாது, விசில் ஊதும்வரை வாசலிலேயே ஊழியர் மறித்து வைப்பார். கழிவறைக்கு இடைவேளை தொடங்கியதும் ஓடினால் நீண்ட வரிசை; ஐந்து நிமிடம் கழித்துப் போங்கள், அதுவரை வண்டி ஐஸைச் சுரண்டிச் சுடுநீர் ஊற்றிப் பளபளப்பாக்குவதைப் பார்க்கலாம். பக்கவாட்டில் பக் பறந்து வரலாம், போனைக் குனிந்து பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். வந்து விழுந்தால் அது உங்களுக்கே சொந்தம். கோல் விழும்போது ஊதும் ஹோர்ன் மிகச் சத்தம், காது மெஷின் போட்டிருந்தால் ஒலியைக் குறைத்து வையுங்கள். உடுப்பு நீலமும் வெள்ளையும். இரண்டு அணிக்கும் அதுவே நிறம்.

புறப்படும் முன் கல்லடியிலேயே யூடியூப்பில் பத்து நிமிடச் சுருக்கம் இரண்டு மூன்று பார்த்துவிடுங்கள், கோடுகள் பழகிவிடும். அங்கிருந்து ஊருக்கு வீடியோ கோல் எடுக்க ஆசை என்றால், தை மாதத்தில் ரொறன்ரோ இரவு 7 மணி இங்கே மறுநாள் விடிய 5.30. முதல் இடைவேளை வரும்போது மட்டக்களப்பில் ஆறே கால் மட்டில் ஆகியிருக்கும், அப்போது எடுங்கள்.